தமிழ் விக்கிப்பீடியாவில் அரைத்தானியங்கி உரைதிருத்தம்: மலேசியத் தொகுப்பாளர்கள் அனுமதி கேட்கும் முறை

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. அதில் மலேசியாவைப் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு, ஒரே ஊரின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருப்பதும், ஒரே எழுத்துப்பிழை பக்கத்துக்குப் பக்கம் தொடர்வதும் விரைவிலேயே கண்ணில் படும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திறந்து திருத்துவது பெரும் உழைப்பு. பிழையுள்ள பக்கங்களைக் கருவி வரிசையாக எடுத்துக் கொடுத்து, செய்ய வேண்டிய மாற்றத்தையும் முன்மொழிய, மனிதர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துச் சேமிப்பதையே அரைத்தானியங்கி உரைதிருத்தம் என்கிறோம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து எழுதும் ஆசிரியர்களும் மெய்ப்புத் திருத்துநர்களும் இந்த வேலைக்கு மிகவும் தகுதியானவர்கள். ஆனால் கருவியைத் தொடுவதற்கு முன் சமூகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அந்த அனுமதியை எப்படிக் கேட்பது, கேட்பதற்கு முன் எவ்வளவு ஆயத்தம் வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தைப் படிக்கும் நிர்வாகியும் பிற தொகுப்பாளர்களும் எடைபோடுவது உங்கள் திருத்தப் பட்டியலைத்தான். "எழுத்துப்பிழைகளைத் திருத்த அனுமதி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பவருக்குத் தயக்கமே பதிலாகக் கிடைக்கும். இன்னின்ன சொற்களை, இன்னின்ன பக்கங்களில், இன்னின்ன இடங்களை விலக்கி மாற்றப் போகிறேன் என்று வரையறுத்துக் கேட்பவரை மறுக்க யாருக்கும் காரணம் இராது.

எந்த அனுமதியைக் கேட்க வேண்டும்

கருவித் துணையுடன் நடக்கும் தொகுப்புகள், அதாவது பக்கத்தை மாற்றிச் சேமிக்கும் செயல்கள், இரு வகைப்படும். முதல் வகையில், முன்மொழியப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் பயனர் பார்த்து, சேமிக்கும் பொத்தானைத் தாமே அழுத்துகிறார். விண்டோஸ் கணினியில் இயங்கும் ஆட்டோவிக்கிபிரவுசர் இவ்வகையில் மிகவும் பரவலான கருவி. அதே வேலையை இணைய உலாவிக்குள்ளேயே செய்யும் ஜேடபிள்யூபி, விண்டோஸ் வைத்திராதவர்களுக்கு ஏற்றது. இரண்டாம் வகையில், பைவிக்கிபாட் போன்ற கட்டமைப்பைக் கொண்டு எழுதிய நிரல் தானே திருத்திச் சேமித்துக்கொண்டு போகும். இதற்குத் தனிக் கணக்கும் தானியங்கி அணுக்கமும் (தானாக இயங்கும் கணக்குக்குரிய சிறப்பு உரிமை) தேவை. சமூகம் ஒப்புக்கொண்ட பின் அதிகாரி நிலையிலுள்ள பயனர் அந்த அணுக்கத்தை அளிப்பார். அணுக்கம் பெற்ற கணக்கின் தொகுப்புகள் அண்மைய மாற்றங்கள் பக்கத்தில் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. பிறர் கண்ணில் படாமல் வேலை நடக்கும் என்பதால்தான் அதற்கு அவ்வளவு கண்டிப்பு.

எழுத்துப்பிழை திருத்த விரும்புபவர் முதல் வகையைத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூழலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய எழுத்துத் திருத்தங்களை மேற்பார்வையற்ற தானியங்கிகள் செய்யலாகாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் தானியங்கிக் கொள்கையே கூறுகிறது. வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் சொல்லோடு ஒட்டியே வரும் தமிழில் அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

ஆட்டோவிக்கிபிரவுசரைப் பயன்படுத்தும் உரிமை, அதற்கென அனுமதிப் பட்டியல் வைத்திருக்கும் விக்கிகளில், அப்பட்டியலில் நிர்வாகி உங்கள் பயனர் பெயரைச் சேர்ப்பதன் மூலம் கிடைக்கிறது. ஜேடபிள்யூபியும் அதே பட்டியலைத்தான் பார்க்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில், கட்டுரைவெளியில் (பேச்சு, பயனர் பக்கங்கள் அல்லாத கட்டுரைப் பக்கங்களில்) கருவியின்றிச் செய்த 250 தொகுப்புகள் அல்லது கட்டுரைவெளியில் மொத்தம் 500 தொகுப்புகள் என்பது பொதுவான அளவுகோல். தமிழ் போன்ற சிறிய சமூகத்தில் எண்ணிக்கையைவிட முன்வரலாறே அதிகம் பேசும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் சில மாதங்களாவது கையால் தொகுத்திருங்கள். நீங்கள் திருத்தப் போகும் அதே வகைப் பிழைகளைச் சில டசன் கட்டுரைகளில் கையாலேயே திருத்தியிருங்கள். அந்தத் திருத்தங்களை யாரும் மீளமைக்கவில்லை (பழைய நிலைக்கு மாற்றவில்லை) என்பதை விடச் சிறந்த சான்று விண்ணப்பத்திற்குக் கிடைக்காது. பயனர் பக்கத்தில் உங்களைப் பற்றி இரண்டு வரியாவது எழுதிவையுங்கள். பேச்சுப் பக்கத்தில் பிறர் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்திருங்கள்.

கல்லூரிகளிலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் குழுக்களிலும் பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அனுமதி பெற்ற ஒருவரின் கணக்கைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில், தத்தம் பெயரில் அனுமதி பெற வேண்டும். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள்தாம் தொடங்க முடியும் என்ற வரம்பும் உண்டு என்பதால், கணக்குகளை முன்கூட்டியே அவரவர் வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது

மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். சொல்லைக் கண்டுபிடித்து மாற்றும் கருவிக்குப் பொருள் தெரியாது. எழுத்துகளின் வரிசை மட்டுமே தெரியும்.

ஒற்று மிகுதலை எடுத்துக்கொள்வோம். "அதை செய்தான்" என்று எழுதியிருப்பதை "அதைச் செய்தான்" என்று திருத்துவது சரி. இதைக் கண்டவுடன், ஐகாரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்றைச் சேர்த்துவிடலாம் என்று விதி எழுதத் தோன்றும். அந்த விதி "மழை பெய்தது" என்பதை "மழைப் பெய்தது" என்றும், "அலை பாய்ந்தது" என்பதை "அலைப் பாய்ந்தது" என்றும் மாற்றிவிடும். எழுவாயாக நிற்கும் பெயருக்கும் இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயருக்கும் உள்ள வேறுபாடு எழுத்துவரிசையில் தெரியாது. நாவி என்ற சந்திப்பிழை திருத்தியும் வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தியும் ஐயத்திற்குரிய இடங்களைக் கண்டுபிடிக்க நன்கு துணைசெய்கின்றன. அவை காட்டுவதைப் படித்து முடிவெடுப்பது உங்கள் பொறுப்பு. சந்தியைத் திருத்த விரும்பினால் "அதை", "இதை", "எதை", "அவற்றை", "அவர்களை" என்று ஐயத்திற்கு இடமற்ற சில சொல்வடிவங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றிலும் ஒவ்வொன்றையும் படித்தே சேமியுங்கள்.

ஔகாரப் பிழை, திருத்துவதற்கு மிகவும் பயனுள்ளதும் மிகவும் அபாயமானதும் ஆகும். "கௌதமர்", "பௌத்தம்", "மௌனம்", "வௌவால்" என்று எழுத வேண்டிய இடத்தில், ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டச்சிட்டு "கெளதமர்", "பெளத்தம்", "மெளனம்", "வெளவால்" என்று பலர் எழுதிவிடுகின்றனர். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தேடுபொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வைக்குறையுடையவருக்குப் பிழையான வடிவம் "கெ-ள-த-மர்" என்றே ஒலிக்கும். இதைத் திருத்துவது நற்பணி. ஆனால் வேலையைச் சுருக்க எண்ணி, "வெள" என்ற எழுத்துவரிசையை எங்குக் கண்டாலும் "வௌ" என்று மாற்றச் சொன்னால் என்ன நடக்கும்? "வெளி" என்ற சொல்லும் அதே வரிசையில்தான் தொடங்குகிறது. அதன் ளகரம் பறிபோய், இகரக் குறி தனியே தொங்கும். "வெளியீடு", "வெளிச்சம்", "வெளிநாடு" எல்லாம் சிதையும். பெரும்பாலான கட்டுரைகளின் அடியில் நிற்கும் "வெளி இணைப்புகள்" என்ற தலைப்பும் சிதையும். "கெள" என்பதை மாற்றினால் கெளுத்தி மீனும் கெளிறு மீனும் அழியும். ஆகவே எழுத்துவரிசையை விதியாக்காமல், முழுச் சொற்களைப் பட்டியலாக்குங்கள்.

மலேசிய ஊர்ப்பெயர்களில் இதே இடர் வேறு முகத்தோடு வருகிறது. நம் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் வழங்கும் வடிவம் ஒன்றாகவும், தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து எழுதியவர் ஒலிபெயர்த்த வடிவம் வேறாகவும் இருப்பதுண்டு. அதைச் சீராக்க நாம் ஆசைப்படுவது இயல்பே. ஈப்போ நகரைச் சிலர் "இப்போ" என்று எழுதுவதால் அதை மாற்றும் விதியை எழுதினால், "இப்போது" என்ற சொல் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் "ஈப்போது" ஆகும். "பேரா" என்பதைப் "பேராக்" ஆக்கினால் பேராசிரியர்கள் எல்லாரும் "பேராக்சிரியர்கள்" ஆவார்கள். சொல்லின் எல்லையைப் பார்த்து மாற்றினாலும், பேராசிரியர் என்பதன் சுருக்கமாகப் பெயருக்கு முன் நிற்கும் "பேரா." அகப்பட்டுக்கொள்ளும். "கடா" என்பதைக் "கெடா" ஆக்க முயன்றால் "கடாரம்" என்பது "கெடாரம்" ஆகி, 1025ஆம் ஆண்டளவில் நடந்த முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் கட்டுரைகள் கெட்டுப்போகும். பினாங்கு மாநிலத்தின் பிறை என்னும் ஊரின் பெயரை வேறு வடிவத்துக்கு மாற்றப் புகுந்தால், வானியல் கட்டுரைகளில் உள்ள பிறைநிலவும் ஊராகிவிடும்.

உருபு ஏற்கும்போது சிக்கல் இன்னும் கூடும். "பேரா" என்பது "பேராவில்", "பேராவின்", "பேராவிலிருந்து" என்று வரும். "பேராக்" என்பதோ "பேராக்கில்", "பேராக்கின்", "பேராக்கிலிருந்து" என்று வரும். அடிச்சொல்லை மட்டும் மாற்றும் விதி "பேராக்வில்" என்ற பொருளற்ற வடிவத்தை உண்டாக்கும். எனவே ஒவ்வோர் உருபுவடிவத்துக்கும் தனித்தனி இணை எழுத வேண்டும். பட்டியல் நீளும்; நீளட்டும். நீண்ட பட்டியல் உள்ள விண்ணப்பத்தைப் படிப்பவர், இவர் சிந்தித்திருக்கிறார் என்று அறிந்துகொள்வார்.

பிழை அல்லாத வேறுபாடுகளைத் தொடவே கூடாது. கோயில், கோவில் இரண்டும் வழக்கில் உள்ளன. கருப்பு, கறுப்பு இரண்டும் உள்ளன. பவளம், பவழம் இரண்டும் உள்ளன. வாழ்த்துகள், வாழ்த்துக்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இலங்கை வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு, மலேசிய, சிங்கப்பூர் வழக்கு என எல்லாவற்றுக்கும் இடமுள்ள கலைக்களஞ்சியத்தில், நமக்குப் பழகிய வடிவத்தைக் கருவியின் வேகத்தில் எல்லார் கட்டுரைகளிலும் திணிப்பது முறையன்று. ஊர்ப்பெயர்களைச் சீராக்கும் எண்ணம் இருந்தால், முதலில் அந்தந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றுகளோடு கருத்துக் கேளுங்கள். ஜொகூரா, ஜோகூரா, சிலாங்கூரா, செலாங்கூரா என்பது அங்கே முடிவான பிறகே பட்டியலில் சேர வேண்டும்.

சொல் எதுவானாலும் சில இடங்களை விலக்கி வைக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கும் உரை, நூல், இதழ், கட்டுரைத் தலைப்புகள், படிமக் கோப்புகளின் பெயர்கள், இணைய முகவரிகள், வார்ப்புருவின் (பல பக்கங்களில் பயன்படும் ஆயத்த அச்சின்) அளவுருக்கள், கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்புப் பெயர்கள் ஆகியவை அவற்றில் முதன்மையானவை. 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் செய்தித் தலைப்பொன்று அடிக்குறிப்பில் பழைய எழுத்துமுறையிலோ அச்சுப்பிழையுடனோ இருந்தால், அது அப்படியே இருக்க வேண்டும்; திருத்தினால் சான்றைத் தேடுபவர் கண்டடைய முடியாமல் போகும். படிமக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் படம் மறைந்துவிடும். ஆட்டோவிக்கிபிரவுசரில் மேற்கோள், இணைப்பு, வார்ப்புரு முதலியவற்றைத் தவிர்க்கும் தெரிவுகள் உள்ளன. அவற்றை இயக்குங்கள், ஆனால் அவற்றையே முழுதும் நம்ப வேண்டாம். தமிழ்க் கட்டுரைகளில் மேற்கோள் குறி இல்லாமலே மேற்கோள் காட்டும் வழக்கம் மிகுதி.

இரட்டை இடைவெளியைக் குறைப்பது, வார்ப்புருவுக்குள் இடைவெளிகளை ஒழுங்குபடுத்துவது போன்று வாசகருக்கு எந்த மாற்றமும் தெரியாத தொகுப்புகளுக்காக மட்டும் பக்கங்களைச் சேமிக்க வேண்டாம். வேறு திருத்தத்தோடு சேர்ந்து நடந்தால் குற்றமில்லை. ஔகாரத் திருத்தமும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். தேடலிலும் திரைவாசிப்பிலும் அது ஏற்படுத்தும் விளைவை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

பட்டியலைச் சோதித்துப் பார்த்தல்

பட்டியல் உருவானதும் எத்தனை பக்கங்கள் அகப்படும் என்பதைக் கணக்கிடுங்கள். விக்கியின் தேடல் பெட்டியில் பக்கத்தின் மூல உரைக்குள் தேட உதவும் இன்சோர்ஸ் கட்டளை இதற்குப் போதும். முழுத் தரவுத்தளத்தையும் அலச விரும்புவோர், விக்கிமீடியா மாதத்திற்கு இருமுறை வெளியிடும் தரவுக் கோப்பைப் பதிவிறக்கி, ஆட்டோவிக்கிபிரவுசரிலேயே திறந்து தேடலாம். அகப்பட்டவற்றில் ஒரு பகுதியையாவது கண்ணால் படியுங்கள். எதிர்பாராத இடங்கள் அங்கேதான் தெரியவரும்.

ரெஜெக்ஸ் (எழுத்துவரிசைகளைத் தேடும் வாய்பாடு) எழுதத் தெரிந்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சொல்லெல்லையைக் குறிக்கும் வழக்கமான ரெஜெக்ஸ் குறி தமிழுக்கு உதவாது. ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். பைத்தானிலும், ஆட்டோவிக்கிபிரவுசர் நம்பியிருக்கும் டாட்நெட்டிலும், தமிழ் மெய்யெழுத்தின் அடிவடிவம் எழுத்தாக ஏற்கப்படுகிறது. காலும் கொம்பும் எழுத்தாக எண்ணப்படுவதில்லை. இதன் விளைவு விபரீதமானது. "பேரா" என்பதன் இருபுறமும் எல்லைக்குறி இட்டுத் தேடினால், இடைவெளிக்கு முன் தனித்து நிற்கும் "பேரா" அகப்படாமல் தப்பும், "பேராசிரியர்" அகப்படும். ஆகவே, முன்னும் பின்னும் யூனிக்கோட்டின் தமிழ்த் தொகுதியிலுள்ள 128 இடங்களில் எதுவும் வரக் கூடாது என்று வெளிப்படையாக நிபந்தனை எழுதுங்கள். ரெஜெக்ஸ் பழக்கமில்லாதவர்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை; முழுச்சொல் இணைகளும் கவனமான கண்ணும் போதும்.

விண்ணப்பத்தை எழுதுதல்

அனுமதிப் பட்டியலுக்குரிய பக்கத்தில் விண்ணப்பத்தை இடுங்கள். மாற்றம் பல கட்டுரைகளைத் தொடுமென்றால், விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலும் ஒரு தலைப்பிட்டுத் தெரிவியுங்கள். எங்கே இடுவதென்று ஐயம் எழுந்தால் ஒத்தாசைப் பக்கத்தில் கேட்கலாம். விண்ணப்பம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"வணக்கம். பௌத்தம், கௌதமர், கௌரவம், மௌனம், பௌர்ணமி ஆகிய சொற்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இடப்பட்டுள்ள இடங்களை ஆட்டோவிக்கிபிரவுசர் துணையுடன் திருத்த அனுமதி வேண்டுகிறேன். இப்பிழையால் அச்சொற்கள் தேடலில் அகப்படுவதில்லை; திரைவாசிப்பான்களும் அவற்றைத் தவறாக ஒலிக்கின்றன. மாற்றப்படும் முழுச்சொற்களின் பட்டியலை, உருபேற்ற வடிவங்களோடு, என் பயனர் துணைப்பக்கத்தில் இட்டுள்ளேன். கட்டுரைவெளியில் மட்டுமே திருத்துவேன். மேற்கோள்கள், நூல் தலைப்புகள், படிமப் பெயர்கள், இணைய முகவரிகள், பகுப்புகள் ஆகியவற்றைத் தொட மாட்டேன். ஒவ்வொரு வேறுபாட்டையும் படித்த பின்னரே சேமிப்பேன். இதே திருத்தத்தைக் கையால் செய்த சில பக்கங்களின் வேறுபாட்டு இணைப்புகளைக் கீழே தந்துள்ளேன். முதலில் 50 பக்கங்களில் மட்டும் செய்துகாட்டி, உங்கள் கருத்தறிந்து தொடர விரும்புகிறேன். ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தாலும் உடனே நிறுத்தி, உரையாடி முடிவான பிறகே தொடர்வேன்."

இதில் அகப்படும் பக்கங்களின் எண்ணிக்கையையும் நீங்கள் தேடிக் கண்டவாறே எழுதுங்கள். வேகம் பற்றியும் ஒரு வரி சேர்ப்பது நன்று. ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களைச் சேமித்தால், அண்மைய மாற்றங்களைக் கண்காணிக்கும் சிலரின் கண்ணிலிருந்து விசமத் தொகுப்புகள் மறைந்துபோகும். அந்தச் சிலரின் தன்னார்வ உழைப்பால்தான் நம் கலைக்களஞ்சியம் தூய்மையாக இருக்கிறது. படித்துப் பார்த்துச் சேமிப்பவரின் வேகம் இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதால், வேகமே படிக்காததற்குச் சான்றாகக் கொள்ளப்படும். பொத்தானை மனிதர் அழுத்தினாலும் தானியங்கி போல் கண்மூடித்தனமாகச் சேமித்தால் பழி அவர் மேல்தான் என்பது விக்கிகளின் பொதுவான நிலைப்பாடு.

விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பிறர் எழுதிய கட்டுரைகளின் தரத்தைப் பழிக்க வேண்டாம். பட்டம், பதவி, ஆசிரியப் பணியில் கழித்த ஆண்டுகள் ஆகியவற்றைச் சான்றாக முன்வைக்க வேண்டாம். ஒரு தொகுப்புக்கு முன்னும் பின்னும் பக்கம் இருந்த நிலையை ஒப்பிட்டுக் காட்டும் வேறுபாட்டு இணைப்புகளே அங்கே சான்று. பல வகைத் திருத்தங்களை ஒரே விண்ணப்பத்தில் அடுக்கவும் வேண்டாம். சந்தி, ஊர்ப்பெயர், ஔகாரம், எண்ணுப்பெயர் என நான்கையும் சேர்த்துக் கேட்டால், ஒன்றைப் பற்றிய ஐயம் மற்ற மூன்றையும் முடக்கும்.

கருத்துகளை எதிர்கொள்ளுதல்

குறைந்தது ஒரு வாரம் காத்திருங்கள். எல்லாரும் ஓய்வு நேரத்தில் பங்களிப்பவர்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அமைதியைச் சம்மதமாகக் கொள்ளாமல், நிர்வாகி ஒருவரின் பேச்சுப் பக்கத்தில் பணிவாக நினைவூட்டுங்கள்.

ஆட்சேபம் வந்தால் அதை நல்வாய்ப்பாகக் கருதுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், உங்கள் பட்டியலிலுள்ள ஒரு சொல் அங்கே சரியான வழக்கு என்று சொன்னால், "சுட்டிக்காட்டியமைக்கு நன்றி ஐயா, அச்சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்" என்று விடையளித்து, உண்மையிலேயே நீக்கி, நீக்கிய வேறுபாட்டின் இணைப்பையும் கொடுங்கள். ஒரு சொல்லுக்காக வாதாடி முழு அனுமதியையும் இழப்பதில் பயனில்லை. ஆனால் ஆட்சேபம் தவறான புரிதலால் எழுந்ததென்றால், எடுத்துக்காட்டாக, கருவி தானே சேமித்துவிடும் என்று ஒருவர் அஞ்சினால், செயல்முறையைப் பொறுமையாக விளக்குங்கள். தானே சேமிக்கும் வசதி ஆட்டோவிக்கிபிரவுசரில் தானியங்கிக் கணக்குகளுக்கு மட்டுமே உரியது என்பதைத் தெரிவித்தால் அச்சம் நீங்கும்.

சோதனைத் தொகுப்புகளும் நேரமும்

அனுமதி கிடைத்ததும் சொன்ன 50 பக்கங்களை மட்டும் திருத்தி நிறுத்துங்கள். தொகுப்புச் சுருக்கத்தில் என்ன திருத்தம், எந்தக் கருவி, எந்த உரையாடலில் அனுமதி பெறப்பட்டது என்பவை இணைப்போடு இருக்கட்டும். "பிழைதிருத்தம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. தாம் கண்காணிக்கும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் அதைக் காணும் கட்டுரையாளர் பக்கத்தைத் திறந்து பார்க்காமலே புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். சிறு தொகுப்பு என்று குறிக்கவும் மறவாதீர்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் மலேசியாவிலிருந்து தொகுப்பவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். நாம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரண்டரை மணி நேரம் முந்தி இருக்கிறோம். கோலாலம்பூரில் காலை 6 மணிக்கு எழுந்து வேலையைத் தொடங்கினால் சென்னையிலும் கொழும்பிலும் அதிகாலை 3.30, பிழை நேர்ந்தால் தடுத்து நிறுத்த அங்கே யாரும் விழித்திருக்க மாட்டார்கள். இரவு 10 மணிக்குத் தொடங்கினால் அங்கே மாலை 7.30, பலரும் இணையத்தில் இருக்கும் வேளை. சோதனைத் தொகுப்புகளுக்கு இந்த வேளையே உகந்தது. விக்கியின் பக்க வரலாறு உலகப் பொது நேரத்தில் பதிவாகும் என்பதால், உரையாடலில் நேரத்தைக் குறிப்பிடும்போது நம் நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்துச் சொல்லுங்கள்.

தொகுத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பேச்சுப் பக்கத்தில் செய்தி வந்தால், கையிலுள்ள பக்கத்தோடு நிறுத்திவிட்டு முதலில் அதைப் படியுங்கள். ஒரு விதி தவறு என்று தெரிந்தால், அவ்விதியால் மாறிய பக்கங்களை நீங்களே மீளமையுங்கள். அந்தச் சுமையைப் பிறர் மேல் ஏற்ற வேண்டாம். இதற்கு உதவியாக, எந்த நாளில் எந்த விதியை எத்தனை பக்கங்களில் பயன்படுத்தினீர்கள், எவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள் என்ற குறிப்பைப் பயனர் துணைப்பக்கத்தில் வைத்திருங்கள். விட்டுவிட்டவற்றின் பட்டியல் மிக மதிப்புள்ளது. பின்னால் வரும் திருத்துநருக்கு எங்கே பொறி இருக்கிறது என்பதை அது காட்டும். மேற்கோளிலிருந்து வந்த பழைய வடிவம், ஆட்பெயர், ஊர்ப்பெயர் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

சோதனை முடிந்ததும் அதே உரையாடலில் திருத்திய பக்கங்களின் எண்ணிக்கை, மீளமைக்கப்பட்டவை, பட்டியலில் செய்த மாற்றங்கள் ஆகியவற்றைத் தெரிவித்து, தொடர ஒப்புதல் கேளுங்கள். மீதமுள்ள பக்கங்களை நாளுக்குச் சிறிது சிறிதாகச் செய்துமுடித்த பின், வேலை முடிந்ததென்று அங்கேயே பதிவிட்டு, அந்த விதிகளைக் கருவியிலிருந்து அகற்றிவிடுங்கள். ஊர்ப்பெயர்கள் போன்ற அடுத்த பட்டியல் ஆயத்தமாகும்போது அதற்குப் புதிய தலைப்பில் புதிய விண்ணப்பம் எழுதி, பழைய உரையாடலின் இணைப்பை அதில் சேர்த்துவிடுங்கள்.